வண்டியிலேயே இராத்தங்க நல்ல இடம் பிடிப்பது எப்படி: கடலூர், புதுச்சேரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய், ஆர்வி என்கிற, படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டியில் மாநிலப் பூங்காக்களைச் சுற்றிவிட்டு வந்தவர்கள் நம் பக்கத்தில் இப்போது நிறையப் பேர். அங்கே வண்டி நிறுத்த எண் போட்ட இடம் இருக்கும். பக்கத்திலேயே 30 அல்லது 50 ஆம்ப் மின்கம்பம், குடிநீர்க் குழாய், கிளம்பும்போது கழிவை இறக்கத் தனி இடம். முன்பதிவுத் தளத்தில் வண்டியின் நீளத்தைக் கொடுத்தால் பொருந்தாத இடங்கள் தானே விலகிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் போடக்கூடாது என்ற விதியும் உண்டு.

கடலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ டெம்போ டிராவலரைக் கேம்பர் வேனாக மாற்றிக்கொண்டு கிளம்பினால் இப்படி எதுவும் தயாராக இருக்காது. ஆனால் அந்த முன்பதிவுத் தளம் கேட்கிற கேள்விகள் எல்லாம் இங்கேயும் அப்படியே பொருந்தும். வண்டி உள்ளே நுழையுமா, தரை தாங்குமா, கரண்ட் எவ்வளவு, தண்ணீர் எப்படி, கழிப்பறை எங்கே, காலையில் தடையில்லாமல் வெளியே வர முடியுமா. தளம் செய்கிற வேலையை நாம் போன் போட்டும், பகலில் நேரில் பார்த்தும் செய்யவேண்டும். அதற்கு மேல் ஒன்று உண்டு: இடத்துக்கு உரியவரின் வாய்ச்சொல் அனுமதி. அது இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இராத்தங்கலுக்கு ஆகாது. நடுராத்திரி யாராவது கதவைத் தட்டினால், பெயரும் போன் நம்பரும் சொல்ல ஒருவர் இருந்தாகவேண்டும்.

முதலில் டேப்பை எடுங்கள்

இடம் தேடுவதற்கு முன் வண்டியை அளந்துவிடுங்கள். உயரத்தைத் தரையிலிருந்து கூரை ஏசியின் உச்சி வரை, கேரியர் இருந்தால் அதன் உச்சி வரை, அளக்கவேண்டும். ஆர்சி புத்தகத்தை நம்பவேண்டாம்; கம்பெனியிலிருந்து வந்தபின் கூரையில் ஏற்றியது எதுவும் அதில் இருக்காது. அளந்த உயரத்தோடு 15 செ.மீ. கூட்டி, ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவைத்துவிடுங்கள். ரயில்வே சுரங்கப்பாதை, வாகன நிறுத்தத்தின் வாசலில் உள்ள இரும்புக் குறுக்குக்கம்பி, தோப்புக்குள் தாழ்வாகப் போகும் மோட்டார் கொட்டகைச் சர்வீஸ் வயர் என மூன்றிலும் வண்டியைத் தடுப்பது இந்த அளவுதான்.

நீளம் 7 மீட்டர் என்றால், நிற்க 9 மீட்டருக்கு 4 மீட்டராவது வேண்டும். பக்கக்கதவைத் திறந்து, படி போட்டு, ஒரு நாற்காலி வைக்கும் இடமும் அதற்குள் வந்துவிடும். டேப் கையில் இல்லாவிட்டால் சாதாரண நடையில் 13 காலடி எடுத்துவைத்தால் 9 மீட்டருக்குப் பக்கம் வரும். இழுத்துச் செல்லும் டிரெய்லர் என்றால் கணக்கே வேறு. காரும் டிரெய்லருமாக 10, 11 மீட்டர் ஆகிவிடும், ரிவர்ஸ் எடுப்பது பெரும்பாடு. ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியேறும் இடமாகவே பாருங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும்; ஓடும்போது அதற்குள் யாரும் உட்காரக்கூடாது.

வேனைக் கேம்பராக மாற்றியிருந்தால் அந்த மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்கவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்டிஓ அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. இதை விட்டுவிட்டால் சோதனைச்சாவடியில் மட்டுமல்ல, விபத்து இன்சூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல். வாடகைக்கு எடுக்கும் மஞ்சள் போர்டு வண்டியாக இருந்தால் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் பர்மிட்டும் வரியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கடலூரிலிருந்து பாகூர் பக்கம் போய்வருவதற்குள்ளேயே மாநில எல்லையைச் சிலமுறை தாண்டிவிடுவோம்.

எங்கே தேடுவது

நம் ஊரின் கேம்ப்கிரவுண்ட் கல்யாண மண்டபம்தான். சாலையோர மண்டபம் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு மூன்று பஸ் திரும்புகிற அளவுக்கு முற்றம், சுற்றிலும் காம்பவுண்டு, போர்வெல், வரிசையாகக் கழிப்பறையும் குளியலறையும், மும்முனை மின் இணைப்பு, இரவில் வாட்ச்மேன். முகூர்த்தம் இல்லாத நாளில் இவ்வளவும் சும்மா கிடக்கும். முழு மண்டபத்தைக் கேட்டால் வாடகை பெரிதாகச் சொல்வார்கள். "மண்டபம் வேண்டாம், முற்றத்தில் ஒரு வேன் நிற்கணும், ஒரு ரூம், ஒரு பாத்ரூம், ஒரு பிளக் பாயிண்ட் போதும்" என்று கேட்டால் பேச்சு சுலபமாக முடியும்.

எந்த நாள் காலி என்று காலண்டரைப் பார்த்தாலே தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் அநேகமாகக் கல்யாணம் இருக்காது. மற்ற மாதங்களில் முகூர்த்த நாளையும் அதற்கு முந்தைய நாளையும் தவிர்க்கவேண்டும். முந்தைய சாயங்காலமே மாப்பிள்ளை அழைப்பும் சமையல் லாரியும் வந்துவிடும். திருவந்திபுரம் பக்கம் முகூர்த்த நாளில் வண்டியைக் கொண்டுபோகவே வேண்டாம். தேவநாத சுவாமி கோயிலில் ஒரே நாளில் ஏராளமான கல்யாணம் நடக்கும். சாலை முழுக்க வண்டிகள் நிற்கும்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. ஆடியில் மண்டபம் காலியாக இருக்கும், பக்கத்து அம்மன் கோயில் காலியாக இருக்காது. கூழ் ஊற்றும் வாரத்தில் விடியற்காலை நாலரைக்கே குழாய் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்துவிடும். மார்கழியில் திருப்பாவை. பக்தியோடு எழுந்து கும்பிடுகிறவர்களுக்கு அது வரம். கைக்குழந்தையோடு வந்தவர்களுக்குத் தூக்கம் போய்விடும். ஆகவே மேப்பில் மண்டபத்தைச் சுற்றி 300 மீட்டருக்குள் கோயில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மேப்பில் மண்டபம் தேடும்போது ஒரு நல்ல வழி: அந்த மண்டபத்துக்கு மக்கள் போட்டிருக்கும் படங்களைப் புரட்டுங்கள். முற்றத்தில் ஒரு டூரிஸ்ட் பஸ் நிற்கிற படம் கிடைத்தால் உங்கள் வேனும் நுழையும், திரும்பும், தரையும் தாங்கும். பிறகு செயற்கைக்கோள் படத்துக்கு மாறி, பிரதான சாலையிலிருந்து உள்ளே வரும் பாதையின் அகலத்தையும் வாசல் திருப்பத்தையும் பாருங்கள். மதிப்புரைகளைப் 'புதியது முதலில்' என்று அடுக்கி, தண்ணீர், பார்க்கிங் என்ற சொற்கள் வருகிற இடங்களை மட்டும் படித்தால் போதும்.

அடுத்தது, சுற்றுலாத் துறை விடுதி, அணைக்கட்டு விடுதி, பெரிய லாட்ஜ் ஆகியவற்றின் வளாகம். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தூரத்தில் உள்ள பிச்சாவரத்தில் படகுத்துறையை ஒட்டித் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் வளாகம் இருக்கிறது. திருவண்ணாமலை தாண்டிச் சாத்தனூர் அணை இன்னொன்று. இப்படிப்பட்ட இடங்களில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு வேனை உள்ளே நிறுத்துவதே சரியான முறை. பெரியவர்கள் ரூமில் படுப்பார்கள், இளையவர்கள் வண்டியில். குளியல், கழிப்பறை கவலை அத்தோடு தீர்ந்தது. ரூம் முன்பதிவு செய்யும்போதே வண்டியில் இரண்டு பேர் தூங்கப்போவதைச் சொல்லிவிடுங்கள். பிச்சாவரத்தில் காலையில் படகு கிளம்பும் நேரத்துக்கே சுரபுன்னைக் கால்வாய்க்குள் போய்விடலாம் என்பதுதான் அங்கே இராத்தங்குவதன் பயன். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துவிடும். பொழுது சாயும்போது கொசு மொய்க்கும். ஐந்தரைக்குள் ஜன்னல் வலைகளை மாட்டிவிடுங்கள். கதவுக்குக் காந்தம் வைத்த வலைத்திரை நல்லது.

மூன்றாவது, தெரிந்தவர் வழியாகக் கிடைக்கும் தோப்பு. கடலூருக்கு மேற்கே பண்ருட்டி, நெய்வேலி பக்கம் செம்மண் மேடு. முந்திரித் தோப்பில் தண்ணீர் தேங்காது, நிழலும் உண்டு. ஆனால் முந்திரிக்கிளை தாழ்வாகப் படர்ந்திருக்கும். உள்ளே ஓட்டும்போது ஒருவர் முன்னால் நடந்து கூரையைப் பார்த்தபடி வரவேண்டும். காய்ந்த சருகு மெத்தைபோல் கிடக்கும், அதன்மேல் சூடான சைலன்சரோடு நிறுத்தக்கூடாது. வண்டி நிற்கும் இடத்தையும் அடுப்பு வைக்கும் இடத்தையும் முதலில் கூட்டிவிடவேண்டும். மார்ச் முதல் மே வரை கொட்டை பொறுக்கும் காலம். அப்போது காவல்காரர்கள் புது ஆட்களைச் சந்தேகமாகப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த மாதங்களில் கேட்காமல் இருப்பதே மரியாதை. தென்னந்தோப்பில் மரத்தடியில் நிறுத்தவே கூடாது. மட்டையோ தேங்காயோ விழுந்தால் கண்ணாடியும் சோலார் தகடும் போகும். இரண்டு வரிசைக்கு நடுவில், மட்டை நீட்டத்துக்கு வெளியே நிறுத்துங்கள்.

நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க் ஒரு ராத்திரி வழித்தங்கலுக்கு மட்டும். லாரிகள் நிற்கும் பெரிய பங்காக, வெளிச்சமும் கேமராவும் கழிப்பறையும் உள்ளதாகப் பாருங்கள். டீசல் போட்டுவிட்டு, ஷிப்ட் மேனேஜரிடம் கேட்டு நிறுத்துங்கள். லாரி வெளியேறும் பாதைக்கும், குளிர்பெட்டி வைத்த மீன் வண்டிக்கும் பக்கத்தில் வேண்டாம். குளிர்பெட்டி எஞ்சின் ராத்திரி முழுக்க விட்டுவிட்டு ஓடும். பங்க் வளாகத்தில் அடுப்பு பற்றவைக்கவே கூடாது.

கடற்கரை பலருடைய ஆசை. வண்டியில் இராத்தங்க அது ஏற்ற இடம் இல்லை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளுக்கே தடை. சுண்ணாம்பாறு படகுக் குழாமின் வாகன நிறுத்தம் பகல் பயணிகளுக்கானது. கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சாயங்காலம் காற்று வாங்கலாம். இரவில் போலீஸ் ரோந்து வந்து கிளம்பச் சொல்வார்கள். மீனவக் கிராமத்துக் கரையில் நிற்க நினைத்தால் ஊர் நாட்டாரையோ பஞ்சாயத்தாரையோ பார்த்துக் கேட்கவேண்டும். அங்கே மணல் என்பது வலை உலர்த்தும் இடம், கட்டுமரமும் பைபர் படகும் ஏறி இறங்கும் பாதை. காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர்களின் வழியில் வேன் நிற்பது பெரிய தொந்தரவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான்; கட்டுமரம் போன்ற சிறு படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும்.

காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் இராத்தங்குவது குற்றம். ஊசுட்டேரி, வேடந்தாங்கல் போன்ற பறவைச் சரணாலயங்களைப் பகலில் பார்த்துவிட்டு வெளியே வந்து தங்குங்கள். ஊட்டி, கொடைக்கானல் போவதானால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். முதுமலை வழியாகப் பந்திப்பூர் போகும் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

போனில் கேட்கவேண்டியவை

இப்படிப் பேசினால் வேலை சீக்கிரம் முடியும்: "வணக்கம் அண்ணே. புதுச்சேரியிலிருந்து குடும்பத்தோட வேன்ல வர்றோம், நாலு பேரு. வர்ற சனிக்கிழமை ராத்திரி உங்க மண்டபத்து முற்றத்துல வண்டி நிக்கணும். வண்டி ஏழு மீட்டர், உயரம் மூணு மீட்டர். கேட்டு எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க? பதினாறு ஆம்ப் பிளக்கு வெளியே இருக்கா? பாத்ரூம் ராத்திரி திறந்திருக்குமா? போர் தண்ணி உப்பா, நல்லதா? அன்னைக்கு விசேஷம் எதுவும் இல்லையே?" என்று ஒரே மூச்சில் இல்லாமல் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பதிலில் கவனிக்கவேண்டியது கேட்டு பூட்டும் நேரம். பூட்டுவது பாதுகாப்புதான், ஆனால் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகவேண்டி வந்தால் சாவி யாரிடம் என்று தெரிந்திருக்கவேண்டும். வாட்ச்மேன் நம்பரைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் நாள் காலையில் மறுபடி ஒரு போன். மண்டபங்களில் திடீரென்று காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ வந்துவிடும்.

சாயங்காலம் நாலரைக்குள் சேர்ந்துவிடும்படி கிளம்புங்கள். கடலூரில் நவம்பர் கடைசியில் 5.40-க்கே சூரியன் மறைந்துவிடும். வெளிச்சத்தில் பார்க்காத தரையில் இருட்டில் வண்டி ஏற்றுவதுதான் சிக்குவதற்கு முதல் காரணம்.

தரையைச் சோதிப்பது

வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு இறங்கி நடந்து பாருங்கள். கையில் ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவர் இருந்தால் போதும். சக்கரம் நிற்கப்போகிற நான்கு இடத்திலும் உள்ளங்கையால் அழுத்துங்கள். இரண்டு விரற்கடைக்கு மேல் போகாமல் நின்றால் தரை தாங்கும். ஒரு விரல் நீளத்துக்குச் சிரமமில்லாமல் இறங்கினால் அங்கே ஏற்றாதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் கீழே ஈரம் இருக்கலாம். ஸ்குரூ டிரைவர் முனையில் மண் அப்பிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள்.

மண்ணைப் பொறுத்து ஆபத்து மாறும். பண்ருட்டிச் செம்மண் காய்ந்தால் கல், ஒரு மழை பெய்தால் மேல் அங்குலம் மட்டும் வழுக்கும். சரிவு இல்லாவிட்டால் வெளியே வந்துவிடலாம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண் அப்படி இல்லை. நனைந்தால் டயரின் பள்ளத்தை நிரப்பி வழுவழுவென்று ஆக்கிவிடும். டிராக்டர் வராமல் வண்டி நகராது. மழை அறிகுறி இருந்தால் டெல்டாவில் தார் அல்லது கப்பிச்சாலையை விட்டு இறங்கவேண்டாம். வீராணம் ஏரிக்கரைச் சாலை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் குறுகலானது, எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் தேடவேண்டும். கரை ஓரத்தில் இரவு நிறுத்தாதீர்கள்.

மணலில் பின்சக்கரம் புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை அழுத்தாதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரம் இன்னும் கீழே இறங்கி, கடைசியில் டிபரென்ஷியல் மணலில் உட்கார்ந்துவிடும். எல்லோரையும் இறக்கி, தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்யுங்கள். சக்கரத்துக்கு முன்னால் சரிவாக மணலைத் தோண்டி, இரண்டடி நீளப் பலகையோ தடித்த கோணிச்சாக்கோ போட்டு, டயர் காற்றைப் பாதியாகக் குறைத்து, இரண்டாவது கியரில் மெல்ல எடுங்கள். வெளியே வந்ததும் காற்றடிக்காமல் வேகமாக ஓட்டக்கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சிகரெட் லைட்டர் பிளக்கில் ஓடும் ஒரு காற்றுப் பம்பு வண்டியில் இருக்கட்டும்.

நிறுத்தியபின் வண்டிக்குள் தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துச் சாய்வு பாருங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு இரண்டு அங்குலத் தடிப்பில் அகலமான பலகை வைத்து ஏற்றினால் போதும். செங்கல் வேண்டாம், எடை தாங்காமல் நொறுங்கும். முழுக்கச் சமமாக்க முடியாவிட்டால் தலைமாடு மேட்டுப் பக்கம் வரும்படி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்கு அடைப்புக்கட்டை வையுங்கள். மூக்கு வாசலைப் பார்த்தபடி நிறுத்துவது முக்கியம். காலையில் பின்னால் இன்னொரு வண்டி நின்றாலும் நேராகக் கிளம்பிவிடலாம்.

கரண்ட்

ஒரு டன் ஏசி சுமார் 1000 வாட், அதாவது 4.5 ஆம்ப் அளவு இழுக்கும். சின்ன மூன்று ஓட்டைப் பிளக்கின் அளவே 6 ஆம்ப்தான்; ராத்திரி முழுக்க அந்த எல்லையை ஒட்டி ஓடினால் பழைய பாயிண்ட் சூடேறி உருகும். பெரிய 16 ஆம்ப் பாயிண்ட்டே வேண்டும். ஏசி ஓடும்போது 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பையும் போட்டால் மொத்தம் 13 ஆம்ப் தாண்டும். பழைய வயரிங்கில் டிரிப் ஆகும், அல்லது டிரிப் ஆகாமல் வயர் சூடாகும். இரண்டாவதுதான் ஆபத்து. சமைக்கும்போது ஏசியை நிறுத்திவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மி.மீ. செம்பு, மூன்று கோர், 25 மீட்டர் வாங்குங்கள். கடையில் கிடைக்கும் மெல்லிய வயரில் அத்தனை தூரத்துக்கு 10 வோல்ட் வரை இழப்பாகிவிடும். உருளையில் சுற்றிய வயரை முழுவதும் அவிழ்த்துப் போடவேண்டும். சுற்றியபடியே விட்டால் உள்சுற்றுகளில் சூடு வெளியேறாமல் உறை இளகும். வண்டிக்குள் நுழையும் இடத்தில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச், இருக்கவேண்டும். இரும்புக் கூட்டுக்குள் நாம் உட்கார்ந்திருக்கிறோம், மழைத் தரையில் காலை வைத்து இறங்குகிறோம். இது இல்லாமல் வெளிக் கரண்டை வண்டிக்குள் எடுக்காதீர்கள்.

பிளக் செருகும் முன் சாக்கெட் டெஸ்டரால் எர்த் இருக்கிறதா பாருங்கள். பிறகு வோல்டேஜ். 210-க்கு மேல் இருந்தால் நிம்மதி. இரவு ஏழிலிருந்து பத்துக்குள் கிராமங்களில் 180 வரை இறங்கும். அப்போது ஏசி கம்ப்ரசர் கிளம்பமுடியாமல் முனகும். முனகல் கேட்டதும் நிறுத்திவிட்டு, ஊர் அடங்கியபின் போடுங்கள்.

வெளிக் கரண்ட் இல்லாவிட்டால் 12 வோல்ட், 150 ஆம்ப்-அவர் பேட்டரியில் 1800 வாட்-அவர் இருக்கிறது. ஈய-அமில பேட்டரியில் பாதிதான் எடுக்கவேண்டும், 900. இரண்டு 20 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓட 320. விளக்கு, போன் சார்ஜ், தண்ணீர்ப் பம்பு எல்லாம் சேர்ந்து 130 அல்லது 140. ஆக ஒரு ராத்திரிக்கு 460 அளவு. இரண்டு ராத்திரிக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஏசி இதில் ஓடாது. கரண்டுக்கு உரிய தொகையைக் கேட்காமலே கொடுங்கள். ஏசியோடு ஒரு ராத்திரிக்கு 5 முதல் 8 யூனிட் ஆகும். பிளக்கில் செருகும் சின்ன மீட்டர் ஒன்று வைத்திருந்தால் கணக்கில் சங்கடம் இராது.

தண்ணீரும் கழிவும்

கடலோரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. சோப்பு நுரைக்காவிட்டால் புரிந்துகொள்ளலாம். கழுவ அதை வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் இரண்டு எடுத்துப்போங்கள். நான்கு பேர், இரண்டு ராத்திரி: குடிக்க 24 லிட்டர், சமையலுக்கும் பாத்திரத்துக்கும் 30, முகம் கழுவ, பல் துலக்க இன்னொரு 30. மண்டபத்தில் குளித்தால் 100 லிட்டர் தொட்டியே போதும். வண்டியில் குளிப்பதானால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் கூடும். அதற்குத் தண்ணீர் சுமந்து போவது 120 கிலோ எடையைக் கூடுதலாக ஏற்றுவது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

காசெட் டாய்லெட், அதாவது கழிவுத் தொட்டியைத் தனியே கழற்றி எடுக்கும் கழிப்பறை, 18 அல்லது 20 லிட்டர் பிடிக்கும். நான்கு பேர் பயன்படுத்தினால் ஒன்றரை நாளில் நிறைந்துவிடும். முக்கால் ஆனதும் காலிசெய்வது நல்லது. முழுக்க நிறைந்ததைத் தூக்கும்போது சிந்தும். கொட்டவேண்டிய இடம் செப்டிக் தொட்டியோடு இணைந்த கழிப்பறை. மண்டபத்துக்காரரிடம் சொல்லிவிட்டு, ஓரமாக உள்ள இந்தியன் கழிப்பறையில் மெல்ல ஊற்றி, இரண்டு வாளி தண்ணீர் விட்டு, தரையைப் பினாயில் போட்டுக் கழுவிக் கொடுங்கள். வாய்க்காலிலோ, ஏரியிலோ, காலிமனையிலோ கொட்டினால் அந்த ஊரில் அடுத்த வேனுக்கு இடம் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பார்மால்டிஹைடு கலந்த நீல மருந்து செப்டிக் தொட்டியில் கழிவை மக்கச்செய்யும் கிருமிகளையும் கொன்றுவிடும். உயிரி வகை மருந்தையே வாங்குங்கள்.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். அதை நிமிர்த்திக் கட்டிவையுங்கள். ஓடும்போது வால்வு மூடியிருக்கவேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் கசிவுக் கருவியைக் கூரையில் அல்ல, தரையிலிருந்து ஒரு சாணுக்குள் பொருத்துங்கள். ஜன்னலை மூடிக்கொண்டு அடுப்பு எரிக்கக்கூடாது.

பருவமும் ஆறும்

பொங்கல் முடிந்து மார்ச் நடு வரை இந்தக் கரையில் வண்டியில் தூங்க நல்ல காலம். வாடைக்காற்று குளிர்ச்சியாக இருக்கும், மழை விட்டிருக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் இரும்புக்கூடு நடுராத்திரி வரை சூட்டைக் கக்கும். வெளிக் கரண்ட் உறுதியாக இல்லாமல் பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப்போகாதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எச்சரிக்கையாக இருக்கவேண்டும். தானே புயல் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பெஞ்சல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையேறி, நகர மறுத்து, உள்மாவட்டங்களிலும் கொட்டித் தீர்த்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருகி, கடலூர் வரை கரையோர ஊர்கள் மூழ்கின. இதில் பயணிகள் புரிந்துகொள்ளவேண்டியது: நாம் நிற்கிற இடத்தில் மழை நின்று, வானம் வெளுத்தபின்பும் ஆற்றில் தண்ணீர் வரும். அது மேலே எங்கோ பெய்து, அணையில் தேங்கி, திறந்துவிட்டபின் பல மணி நேரம் ஓடி வருவது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் எதிலும் மணற்திட்டிலோ படுகையிலோ வண்டியை இரவில் நிறுத்தாதீர்கள். ஜூலை, ஆகஸ்டிலும் கொள்ளிடத்துக்கு இது பொருந்தும். கடலூர், புதுச்சேரி துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்ற செய்தி வந்தால், ஒன்றாம் எண் என்றாலும், கடலோரத் தங்கலை ரத்துசெய்துவிட்டு வீட்டிலிருங்கள்.

முகத்துவாரத்தில் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்கவேண்டாம். ஆறும் கடலும் சேரும் இடத்தில் மேலே அமைதியாகத் தெரியும், கீழே இழுவை இருக்கும்.

கூட்டம் சேரும் நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். சாலை முழுக்க ஜனம். தைப்பூசத்துக்கு வடலூர், ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் சிதம்பரம், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி, பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை, டிசம்பர் 31 இரவு புதுச்சேரி. தரிசனத்துக்காகவே போவதானால் வண்டியை 15 கி.மீ. முன்னாலேயே ஒரு மண்டபத்தில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போய்வாருங்கள்.

முதல் தங்கலை 50 கி.மீ. வட்டத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்காரர்கள் டீசல் விலை குறைவு என்பதால் அங்கேயே தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பலாம்; மதுபாட்டில் எதுவும் வண்டியில் இருக்கவேண்டாம், முள்ளோடை தாண்டியதும் ஆல்பேட்டைச் சாவடியில் சோதனை உண்டு. சனிக்கிழமை மதியம் கிளம்பி, ஒரு மண்டப முற்றத்தில் ஒரே ஒரு ராத்திரி. அன்று எந்த ஜன்னலில் கொசு வருகிறது, எந்தச் சாமான் இல்லை, காசெட் எத்தனை மணி நேரத்தில் நிறைகிறது, பேட்டரி விடியும்போது எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஈய-அமில பேட்டரி காலையில் 12.2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், நீண்ட பயணத்துக்கு முன் விசிறி கணக்கைக் குறைக்கவேண்டும் அல்லது பேட்டரியை மாற்றவேண்டும்.

கிளம்பும்போது இந்த வரிசையில்: கேஸ் வால்வு மூடுவது, பிளக்கைக் கழற்றி வயரைத் துடைத்துச் சுற்றுவது, படியை மடக்குவது, கூரை மூடியை அடைப்பது, சக்கரக்கட்டையை எடுப்பது. பிறகு வண்டியை இரண்டு மீட்டர் முன்னால் நகர்த்திவிட்டு இறங்கி, நின்ற இடத்தைப் பாருங்கள். எண்ணெய்த் துளி, தண்ணீர்க் கசிவு, விட்டுப்போன பலகை, குழந்தையின் செருப்பு எல்லாம் அங்கேதான் தெரியும். குப்பையைப் பையில் கட்டி வண்டியில் போட்டுக்கொண்டு, வாட்ச்மேன் கையில் பணத்தைக் கொடுத்து, அடுத்த முகூர்த்தம் இல்லாத வாரம் எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.